உங்கள் காலுக்கு ‘அளவு ஜாக்கெட்’ இருக்கிறதா?

உத்தமர்சீலி தாண்டிக் கல்லணைச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது என் இடது கால் காணாமல் போனது.

பயப்படாதீர்கள், கால் இருந்த இடத்தில்தான் இருந்தது. அது இருப்பது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சுண்டுவிரலில் ஆரம்பித்த மரமரப்பு பக்கத்து விரலுக்குப் பரவி, பாதத்தின் முன்பாதி முழுவதும் மரத்துவிட்டது. ஒரு வாழைத்தோப்பு ஓரமாகச் சைக்கிளை நிறுத்தி ஷூவைக் கழற்றினேன். ஐந்து நிமிடம் கழித்து எறும்பு ஊர்வதுபோல உணர்ச்சி திரும்பியது.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. மேற்கு முனையில் முக்கொம்பு, கிழக்குக் கோடியில் கல்லணை. எங்கள் சைக்கிள் கோஷ்டி ஒரு ஞாயிறு மேற்கே போகும், மறு ஞாயிறு கிழக்கே. நான்கு வருடங்களுக்கு முன்னால் சர்க்கரை எட்டிப் பார்த்தபோது, “நடங்க, இல்லேன்னா சைக்கிள் ஓட்டுங்க” என்றார் டாக்டர். முழங்கால் வலிக்குப் பயந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். கோஷ்டியில் உள்ள இளவட்டங்கள் சும்மா இருப்பார்களா? “செருப்புப் போட்டு எவ்வளவு நாள் சார் ஓட்டுவீங்க? சைக்கிள் ஷூ வாங்குங்க” என்றார்கள். நானும் ஆன்லைனில் 42 ஆர்டர் செய்தேன். எனக்கு எப்போதும் 8-ம் நம்பர். அட்டவணையில் 8-க்கு நேரே 42 என்று இருந்தது.

சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் மரத்துப்போவது என்றால் என்னவென்று தெரியும். நரம்பு போக ஆரம்பித்துவிட்டதோ என்ற பயம் இரவு தூங்கவிடாது. மறுநாளே டாக்டரிடம் ஓடினேன்.

அவர் கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, “தொடும்போதெல்லாம் சொல்லுங்க” என்றார். ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னேன்.

“நரம்பு நல்லாத்தான் இருக்கு. அந்த ஷூவைக் கொண்டுவந்து காட்டுங்க.”

ஷூவோடு திரும்பிப் போனேன். போட்டுக் கழற்றியதும் சுண்டுவிரல் பக்கமாகச் சிவப்பாக ஒரு கோடு. அதைக் காட்டி அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “உணர்ச்சி இருந்ததால நிறுத்திட்டீங்க. உணர்ச்சி போனவங்க இதே ஷூவைப் போட்டுக்கிட்டு வீடு வரைக்கும் ஓட்டியிருப்பாங்க. சாயங்காலம் புண்ணைப் பாத்துத்தான் தெரிஞ்சிருக்கும்.”

எட்டு என்று யார் சொன்னது?

பிடிக்கிறதா, ஒரு சைஸ் கூட்டிவிடு. நாம் எல்லோரும் செய்வது இதுதான். நானும் 42-ஐத் திருப்பி அனுப்பிவிட்டு 43 வாங்கினேன். அகலம் கொஞ்சம் தேவலாம். ஆனால் பெடலை மேலே இழுக்கும்போதெல்லாம் குதிகால் ஷூவைவிட்டு எழும்பியது. அதை அடக்க வாரை இறுக்கினால், மேல்பாதம் வலித்தது. ஒரு தொல்லையைக் கொடுத்து இன்னொன்றை வாங்கியிருந்தேன்.

என் புலம்பலைக் கேட்டுக்கொண்டே மல்லி தொடுத்துக்கொண்டிருந்த மனைவி, “உங்க நம்பர் எட்டுன்னு யாரு சொன்னா?” என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். கல்லூரியில் படித்தபோது மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடையில், கடைக்காரர் என் காலைப் பார்த்துவிட்டு எட்டு என்றார். அதற்கப்புறம் முப்பது வருடங்களாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வயது ஏற ஏறப் பாதத்தின் வளைவு தளர்ந்து, நீளமும் அகலமும் சற்றுக் கூடுவது சகஜம். இடுப்பளவு மாறியதை ஒப்புக்கொண்ட நான், பாதத்தைப் பற்றி நினைத்தே பார்த்ததில்லை.

“நாங்க தையக்கடையில போய் நம்பரா சொல்றோம்? அளவு ஜாக்கெட் கொடுக்கிறோம். டெய்லர் மாறினாலும் அளவு ஜாக்கெட் மாறாது. உங்க காலுக்கு அளவு ஜாக்கெட் இருக்கா?”

இல்லை. உங்களுக்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

பூக்காரம்மாவின் முழம்

ஷூவில் இருக்கும் நம்பர் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்தேன். ஆங்கிலேயர்களின் அளவு பார்லி தானியத்திலிருந்து வந்தது. மூன்று பார்லி மணியை நீளவாட்டில் வைத்தால் ஓர் அங்குலம். ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் வித்தியாசம் ஒரு பார்லி மணி, அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீட்டர். சிரிக்க வேண்டாம், எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண் என்று நம் பாட்டன்மாரும் அப்படித்தான் அளந்தார்கள்.

42, 43 என்று வரும் ஐரோப்பிய நம்பர் பிரான்ஸில் பிறந்தது. அதில் ஒரு சைஸ் என்பது முக்கால் சென்டிமீட்டருக்கும் குறைவு, 6.67 மில்லிமீட்டர். அமெரிக்க நம்பருக்கும் பார்லி மணிதான் கணக்கு, தொடக்கம்தான் வேறு. ஆண்கள் ஷூவில் அது பெரும்பாலும் பிரிட்டிஷ் நம்பரைவிட ஒன்று கூடுதலாக வரும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. இந்த நம்பர்கள் நம் பாதத்தின் அளவு அல்ல. ஷூவைச் செய்ய உள்ளே வைக்கிறார்களே ஒரு கட்டை, அதன் நீளம். 42-ஐ 6.67-ஆல் பெருக்குங்கள், 280 மில்லிமீட்டர் வரும். அது கட்டை. அதற்குள் போக வேண்டிய பாதம் சுமார் 265 மில்லிமீட்டர். நடுவில் இருக்கும் 15 மில்லிமீட்டர்தான் விரலுக்கு முன்னால் விடும் இடம். அதை எவ்வளவு விடுவது, கட்டையை எவ்வளவு அகலமாகச் செதுக்குவது என்பதெல்லாம் ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பம்.

ராஜகோபுரத்துக்கு வெளியே பூ வாங்கியிருக்கிறீர்களா? எல்லாரும் முழம் கணக்கில்தான் விற்கிறார்கள். ஆனால் கை நீண்ட அம்மாவிடம் வாங்கிய முழமும், குட்டையான அம்மாவிடம் வாங்கிய முழமும் ஒன்றா? ஷூ நம்பரும் அப்படித்தான். கணக்குப்படி பிரிட்டிஷ் 8 என்பது ஐரோப்பிய 42. ஆனால் கடையில் பெட்டிகளைப் புரட்டிப் பாருங்கள். ஒன்றில் 8-க்கு எதிரே 42, இன்னொன்றில் 42.5, வேறொன்றில் 43. யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் முழம்.

சாதாரணச் செருப்பில் இந்த வித்தியாசத்தைக் கால் பொறுத்துக்கொள்ளும். ரப்பர் வளையும், தோல் நாளடைவில் இளகும். சைக்கிள் ஷூவின் அடிப்பாகமோ பலகைபோல விறைப்பானது. மிதிக்கும் பலம் வீணாகாமல் பெடலுக்குப் போக வேண்டும் என்பதற்காகவே நைலானிலும் கார்பன் இழையிலும் அப்படிச் செய்கிறார்கள். அது இளகவே இளகாது. பாதத்தைவிட ஒடுக்கமாக இருந்தால் கடைசிவரை ஒடுக்கம்தான். போதாக்குறைக்கு, திருச்சி வெயிலில் ஒரு மணி நேரம் மிதித்தால் பாதம் வேறு வீங்கும்.

பெரிதாக வாங்கினாலும் சிக்கல். ஷூவின் அடியில் ‘கிளீட்’ என்ற சிறு கொக்கி இருக்கும். பெடலில் மாட்டிக்கொள்வது அதுதான். பெருவிரலுக்குப் பின்னால் பாதம் உருண்டு நிற்கும் இடம், ஏறக்குறைய பெடலின் அச்சுக்கு நேராக வர வேண்டும். ஷூ நீளமாகிவிட்டால் கொக்கி தள்ளிப்போகும்; பழி முழங்கால் தலையில் விழும்.

“நம்பரைச் சொல்லாதீங்க, காலைக் காட்டுங்க”

43-ஐ எடுத்துக்கொண்டு, எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போனேன். உள்ளே ஏதாவது அட்டை வைத்துச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன். அடிப்பாகத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

“இது பலகை சார். இதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது. உங்க கால் அளவு என்ன?”

“எட்டு.”

“நம்பரைச் சொல்லாதீங்க, காலைக் காட்டுங்க.”

ஒரு செய்தித்தாளைத் தரையில் விரித்து என்னை நிற்கச் சொன்னார். பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. “நீளம் சாதாரணம்தான் சார். அகலம்தான் ஜாஸ்தி. நீங்க நீளத்தைக் கூட்டிக் கூட்டி அகலத்தைத் தேடுறீங்க.”

இரண்டு ஷூவும், இத்தனை நாள் வலியும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டன.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு கதை ஞாபகம் வரும். பெரிய பெருமாளின் பாதணிகளை இரண்டு பேர் செய்வார்களாம். வலது பாதணியை ஒருவர், இடது பாதணியை இன்னொருவர். இருவரும் வேறு வேறு ஊர். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. பெருமாளே கனவில் வந்து அளவு சொல்வாராம். செய்து கொண்டுவந்து சேர்த்து வைத்தால் இரண்டும் அச்சாக ஜோடி சேரும் என்பார்கள். அந்தப் பாதங்களின் பாதுகைகள்மேல்தான் வேதாந்த தேசிகர் 1,008 சுலோகங்களில் ‘பாதுகா சஹஸ்ரம்’ பாடினார். ஒரே இரவில் பாடியதாகச் சொல்வார்கள்.

சிறுவயதில் இந்தக் கதையில் எனக்கு அதிசயமாகத் தெரிந்தது கனவு. இப்போது அதிசயமாகத் தெரிவது அளவு. இரண்டு பேர் இரண்டு ஊரில் செய்தாலும் ஜோடி சேர்கிறது என்றால், இருவரிடமும் இருந்தது ஒரே அளவு. நமக்குக் கனவில் யாரும் வந்து சொல்லப்போவதில்லை. தாளும் பென்சிலும்தான்.

லட்சம் பாதங்கள்

என் கால் மட்டும்தான் இப்படியா? இல்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க இந்தியர்களின் பாதங்களை அளந்தது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, 79 இடங்களில், 1,01,880 பேர். முப்பரிமாண ஸ்கேனர் வைத்து அளந்தார்கள்.

தெரியவந்தது என்ன? ஐரோப்பியர்களையும் அமெரிக்கர்களையும்விட நம் பாதம் சராசரியாக அகலம். அந்த அகலத்துக்கு இடம் தேடி நாம் நீளமான ஷூவை வாங்குகிறோம். பிறகு கழன்று விழாமல் இருக்க நாடாவை இறுக்குகிறோம். நான் 43-ல் செய்ததும் இதுதானே! பெண்களின் பாதம் வளர்வதில் உச்சம் சுமார் 11 வயது, ஆண்களுக்கு 15, 16 வயது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன நம்பரையே இத்தனை காலம் பிடித்துக்கொண்டிருந்த நமக்கு, பாரதத்தின் முதல் எழுத்தைக் கொண்டு ‘பா’ என்ற புதிய அளவுமுறையைப் பரிந்துரைத்தார்கள். கைக்குழந்தை முதல் பெரியவர் வரை எட்டுப் பிரிவுகள். அரை சைஸ் என்ற தொல்லை கிடையாது.

அது எல்லாப் பெட்டியிலும் அச்சாகிற நாள் வரட்டும். அதுவரை நம் அளவை நாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிட வேலை.

அளவு எடுப்பது எப்படி?

சாயங்காலம் எடுங்கள். காலையில் இருப்பதைவிடப் பாதம் சற்றே பெருத்திருக்கும். ஷூவோடு எந்தச் சாக்ஸ் போடுவீர்களோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சுவரோரம் ஒரு தாளை வைத்து, குதிகால் சுவரைத் தொடும்படி நில்லுங்கள். உட்கார்ந்து எடுக்காதீர்கள். உடம்பின் எடை இறங்கும்போதுதான் பாதம் தன் முழு நீளத்தையும் அகலத்தையும் காட்டும். நீங்களே குனிந்தால் அளவு மாறிவிடும். வீட்டில் யாரையாவது கோடு போடச் சொல்லுங்கள். பென்சில் சாயாமல் செங்குத்தாக இருக்கட்டும்.

சுவரிலிருந்து நீளமான விரல் நுனி வரை எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். அடுத்து, பாதம் மிக அகலமாக இருக்கும் இடத்தில் குறுக்கே அளங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும். பலருக்கும் இரண்டும் ஒன்றாக இருக்காது. பெரிய காலின் கணக்குதான் உங்கள் கணக்கு. எனக்கு வலது 260, இடது 264. இடது அகலம் 106.

இனி 8, 42 எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். நிறுவனத்தின் சொந்த அட்டவணையில் மில்லிமீட்டரையோ சென்டிமீட்டரையோ தேடுங்கள். உதாரணமாக, ஜப்பானின் ஷிமானோ தன் சைக்கிள் ஷூ அட்டவணையில் 42-க்கு 26.5 சென்டிமீட்டர், 43-க்கு 27.2 சென்டிமீட்டர் என்று கொடுக்கிறது. சில மாடல்களில் அகல வகையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் போன்ட், பாதத்தைத் தாளில் வரைந்து நீளமும் அகலமும் அளந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கச் சொல்கிறது. அமெரிக்காவின் லேக் அகலப் பாதக்காரர்களிடையே பெயர் பெற்றது. இத்தாலிய ஷூக்கள் ஒடுக்கம் என்பது சைக்கிள்காரர்களின் பொதுவான பேச்சு. ஆனால் பேச்சை நம்பி வாங்காதீர்கள், உங்கள் தாளை நம்புங்கள்.

ஷூ வீட்டுக்கு வந்ததும் உள்ளே இருக்கும் மெத்தைத் தகட்டை வெளியே எடுத்து, அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதம் தகட்டைத் தாண்டி வழிந்தால், ஷூவுக்குள்ளும் அது வழியப் பார்க்கும்; அந்த ஷூ வேண்டாம். விரலுக்கு முன்னால் 5 முதல் 10 மில்லிமீட்டர் இடம் போதும். ஓட்டத்துக்கான ஷூ அளவுக்கு வேண்டியதில்லை. குதிகால் எழும்பக் கூடாது. விரல்கள் எல்லாம் அசைய வேண்டும். வீட்டுக்குள்ளேயே கால் மணி நேரம் போட்டுக்கொண்டு இருந்து பார்த்துவிட்டு, கடைசியில்தான் கிளீட்டை முடுக்குங்கள். முடுக்கிய தடம் விழுந்துவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. புதிய ஷூவோடு முதல் நாளே கல்லணைக்குக் கிளம்ப வேண்டாம். கொஞ்ச தூரம் போய் வந்து, பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு, கொப்புளம், கீறல் ஏதாவது இருந்தால் அந்த ஷூவை ஒதுக்கிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மரத்துப்போனால், ‘ஷூதான் காரணம்’ என்று என்னைப் பார்த்து நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள். என் விஷயத்தில் அதை முடிவு செய்தது டாக்டரின் நைலான் இழை.

அம்மாவின் பாதம்

நான் கடைசியில் வாங்கியது மறுபடியும் 42. ஆனால் அகல வகை, வேறு கட்டை. அடுத்த முறை உத்தமர்சீலி தாண்டிக் கல்லணை வரைக்கும் போய், மதகுகளுக்குக் கீழே தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பத்து விரல்களும் கூடவே வந்தன.

அன்று சாயங்காலம் அளவெடுக்கும் வேலை வீட்டில் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. மனைவி நின்றாள், மகள் நின்றாள். கடைசியாக எண்பத்திரண்டு வயது அம்மாவைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னோம். “எதுக்குடா எனக்கெல்லாம்? கோயிலுக்குப் போனா வாசல்ல கழட்டி விடப்போறேன்” என்றாள்.

நீளம் 228 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 4-ம் நம்பர் வருகிறது. அம்மா போட்டுக்கொண்டிருந்த செருப்போ 6. பல வருடங்களாக நாங்கள்தான் வாங்கிக் கொடுக்கிறோம். 4 பிடிக்கிறது என்பாள், 5 வாங்குவோம். அதுவும் பிடிக்கிறது என்றதும் 6. அகலம் தேடி நீளத்தைக் கூட்டியிருக்கிறோம். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் அளவுக்குச் செருப்பு நீட்டிக்கொண்டு நின்றது. போன மாதம் அம்மா வாசல்படியில் தடுக்கியபோது, “பாத்து நடக்கக் கூடாதா?” என்று அதட்டியவன் நான்.

மகள் அந்தத் தாளில் ‘பாட்டி, 228, அகலம் 96’ என்று எழுதித் தேதி போட்டு, போனில் படமும் எடுத்துக்கொண்டாள். நாளைக்கு அந்தத் தாளோடு கடைக்குப் போகிறேன். நம்பர் கேட்டால் சொல்லப்போவதில்லை.